கோட்டைக் கதவும் இரண்டு வாள்களும்

காலை ஆறு மணிக்கு அப்பா பால் காய்ச்சுவார். ஆறரைக்கு அக்கா தலை வாருவாள். தங்கை எறும்பு வீடு கூட்டுவாள். முதலில் முன்னறை, அப்புறம் சமையலறை, கடைசியில் படிக்கட்டு. கூட்டி முடித்ததும் நீளக் கைப்பிடித் துடைப்பத்தை ஒரு விரலின் மேல் கிடையாக வைத்து, அது விழாமல் நிற்கிற இடத்தைத் தேடுவாள். அந்த இடம் நடுவில் இருக்காது. குப்பை தள்ளுகிற முனைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பிறகு துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்துவாள்.

முன்பெல்லாம் ஒருநாள் அக்கா கூட்டுவாள், ஒருநாள் எறும்பு. இரண்டு வாரமாக அந்த முறை இல்லை. அக்காவுக்கு நாடக ஒத்திகை.

எறும்புக்குப் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. வீட்டில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

நாடகத்தில் அக்காதான் படைத்தளபதி. எறும்பு கோட்டைக் கதவு. கதவுக்கு ஒரே வசனம்தான்: "கிரீச்."

தளபதி வேடத்துக்கு எறும்பும் நடித்துக் காட்டினாள். இரண்டாவதாக வந்தாள். கடைசிக் காட்சியில் தளபதி ஒரு கையால் வாளை முன்னால் நீட்டி, திரை மூடும் வரை அசையாமல் நிற்க வேண்டும். நாற்பது எண்ணும் நேரம்.

"சனிக்கிழமை இரும்பு வாளோட நின்னு காட்டு. கை தொங்கிச்சுன்னா வேஷம் உன் தங்கச்சிக்கு" என்று நாடக டீச்சர் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

அதைக் கேட்டதிலிருந்து எறும்பு தினமும் கண்ணாடி முன் நின்று நாற்பது வரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அப்பா இருவரையும் வாள்காரரின் பட்டறைக்கு அழைத்துப்போனார். பழங்காலப் போர்வீரர்களின் வாள்களைப் பார்த்து, அதே மாதிரி கையாலேயே செய்பவர் அவர். நாடகத்துக்கான வாள்களுக்குக் கூர் வைக்க மாட்டார். நுனியையும் உருட்டி மழுக்கிவிடுவார்.

அக்காவின் உயரத்துக்கு இரண்டு வாள்கள் இருந்தன. ஒன்றின் பிடி முடிவில் உள்ளீடற்ற பித்தளைக் குமிழ், அதில் சிவப்புக் கண்ணாடிக் கல். இன்னொன்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எது எடை கம்மி?" என்று அக்கா கேட்டாள்.

அப்பா இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தார். "கல்லு வச்சதுதான்."

"அப்ப அதுவே." அக்கா அதை நீட்டிப் பிடித்து, தாடையைத் தூக்கி, ஐந்து எண்ணும் நேரம் தளபதியாக நின்றாள். ஐந்து எண்ணும் நேரத்துக்கு எந்த வாளும் லேசுதான்.

"எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்களேன்" என்றார் அப்பா.

"என் பிள்ளைங்கள்ல எதுக்கு மூக்கு நல்லா இருக்குன்னு கேக்கிற மாதிரி இருக்கு" என்றார் வாள்காரர். "பிடிக்கிறவங்கதான் சொல்லணும். உறை எடுத்துட்டு வரேன்."

அப்பாவும் அக்காவும் உறையின் நிறம் பார்க்க அவர் பின்னால் போனார்கள். எறும்பு மேஜைப் பக்கத்தில் தனியாக நின்றாள்.

கல் வைத்த வாளை எடுத்து, விரலில் கிடையாக வைத்தாள். அது நுனிப்பக்கம் சாய்ந்தது. விரலை நகர்த்தினாள். இன்னும் சாய்ந்தது. பிடியைத் தாண்டி ஒரு சாண் தூரம் போன பிறகுதான் நின்றது. துடைப்பத்தைப் போலவே.

இரும்புக் குண்டு வாளை வைத்தாள். பிடியைத் தாண்டி நாலு விரற்கடையிலேயே நின்றுவிட்டது. கையில் பிடித்து நீட்டினால், தராசில் கனமாக இருந்த அதுதான் லேசாக இருந்தது.

எறும்புக்கு உடனே புரிந்துவிட்டது. கல் வைத்த வாளை வாங்கினால் அக்காவின் கை சனிக்கிழமை இருபதைத் தாண்டாது.

ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கதவுக்கு அது பழக்கம்தானே.

அக்கா சிவப்பு உறையோடு திரும்பி வந்தாள். "கல்லுக்கு இது எவ்வளவு பொருத்தமா இருக்கு பாருங்கப்பா. ஏய், கதவு, தள்ளி நில்லு."

எறும்பு தள்ளி நின்றாள். சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாள் கீழே கீழே இறங்குவதை நினைத்துப் பார்த்தாள். முதலில் இனித்தது. அப்புறம் அக்காவின் முகத்தையும் நினைத்துத் தொலைத்தாள். அழுகையை அடக்கினால் அக்காவுக்கு மூக்குதான் முதலில் சிவக்கும்.

"அக்கா, அதை வாங்காத."

"ஏன்?"

"முன்னாடி சாயுது. கை வலிக்கும்."

"இதான் எடை கம்மி. தராசே சொல்லிடுச்சு. உனக்குப் பொறாமை."

"ஆமா, பொறாமைதான்" என்றாள் எறும்பு. "ஆனா வாள் சாயுது. நீட்டிப் பிடி, நான் எண்ணுறேன்."

அக்கா முறைத்துக்கொண்டே நீட்டினாள். எறும்பு அவசரப்படாமல் எண்ணினாள். பதினைந்தில் நுனி ஆடியது. இருபத்திரண்டில் வாள் தரையைப் பார்த்தது.

"நீ வேணும்னே மெதுவா எண்ணுற."

"சரி, நான் எண்ணுறேன்" என்றார் அப்பா.

கையை உதறிவிட்டு, இரும்புக் குண்டு வாளை அக்கா நீட்டினாள். அப்பா எண்ணினார். முப்பது. நாற்பது. நாற்பத்தைந்து. நுனி அசையவில்லை. அக்காவின் வாய்தான் மெல்லத் திறந்தது.

"இந்தக் குண்டு பின்னாடி இழுத்துப் பிடிச்சுக்குது" என்றாள் எறும்பு.

வாள்காரர் சிவப்பு உறையை எடுத்து வைத்துவிட்டு, மற்ற வாளுக்குச் சரியான உறையைக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா முன்னால் போனார். அக்கா வாளை அணைத்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் எறும்பின் பக்கம் திரும்பினாள்.

"நீ சும்மா இருந்திருந்தா நீதான் தளபதி."

"தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொன்ன?"

"உன் மூக்கு சிவந்தா பாக்கச் சகிக்காது."

அக்கா சிரித்துவிட்டாள். எறும்புக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை இன்னும் இருந்தது. தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற அளவுக்கு இருந்தது.

"எப்படி உனக்கு அது தெரிஞ்சுது?"

"தினமும் துடைப்பம் பிடிக்கிறேன்ல."

 அக்கா வாளை எறும்பின் கையில் கொடுத்தாள்.

"வீடு வரைக்கும் நீ பிடி. நாளையிலேர்ந்து நான் கூட்டுறேன்."