குழாயில் பதிந்த கை

சாந்தினியின் அலுவலகம் ஜோர்ஜ்டவுனில், பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. பல வருடங்கள் காப்புறுதி நிறுவனங்களுக்காகக் கார் விபத்துகளை ஆராய்ந்தவர் அவர். இப்போது சொந்தமாக அதே வேலையைச் செய்துவந்தார். ஜெயலெட்சுமி என்ற பெண் படியேறி வந்தபோது அவர் ஒரு இழப்பீட்டுக் கோரிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார். நிறுத்தி வைத்திருந்த கார் தானாக உருண்டு ஆற்றில் இறங்கிவிட்டது என்று நிபோங் திபாலில் ஒருவர் எழுதியிருந்தார்.

“ஹேண்ட்பிரேக் இழுத்தேன், இழுத்தேன்னு பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்காரு,” என்றார் சாந்தினி. “உண்மையா இழுத்தவனுக்கு அது ஞாபகம்கூட இருக்காது.”

எதிர் மேசையில் உதவியாளன் மைக்கேல் சத்தமாகச் சிரித்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். ஆனால் புது வழக்கு என்றால் நாற்காலியில் உட்கார மாட்டான். வாசலில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது.

“என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்காரு, அக்கா,” என்றாள் அவள். “கார் அவர் மேல விழுந்துருச்சு. போலீஸ்ல ஆக்சிடென்ட்னு சொல்லிட்டாங்க. நான் நம்பல.”

அவள் கணவன் லோகேஸ்வரன் பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். போன சனிக்கிழமை ஜெலுத்தோங்கில் தங்கள் வீட்டு போர்ச்சிலேயே மைவி காரின் பழைய எக்ஸோஸ் புகைக்குழாயைக் கழற்றிவிட்டுப் புதிய எஃகுக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஜெயலெட்சுமி கிளினிக்கில் வேலையில் இருந்தாள். மத்தியானம் அவளுடைய அண்ணன் குணாளன் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தபோது மைத்துனர் காருக்கடியில் கிடந்தார். ஜாக் சாய்ந்து கிடந்தது. விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன. இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். இன்னும் நினைவு திரும்பவில்லை.

“கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு,” என்றாள் ஜெயலெட்சுமி. “அதைக்கூடத் தாங்கிக்குவேன். ஆனா எல்லாரும் அவரை முட்டாள்ங்கிறாங்க. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில போனாராம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லக்கா. காரைத் தாங்க நாலு ஸ்டாண்டு வச்சு, தள்ளிப் பார்த்துட்டுத்தான் உள்ள போவாரு.”

“அந்த ஸ்டாண்டெல்லாம் எங்க இருந்துச்சு?”

“ஸ்டோர்ல. அடுக்கி வச்சபடி.”

“யாரோ எடுத்துட்டாங்க!” என்று மைக்கேல் எழுந்தே விட்டான். “யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?”

ஜெயலெட்சுமி தயங்கினாள். “பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் காமாரியா. கார் சத்தம் பிடிக்கலன்னு கவுன்சில்ல புகார் குடுத்தவங்க. அவங்கதான் ஜாக்கை இறக்கிவிட்டிருக்கணும்னு அண்ணன் சொல்றாரு. சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாரு.”

“நல்லா உழைக்கிறாரு உங்கண்ணன்,” என்றார் சாந்தினி.

அன்று மாலையே அவர்கள் ஜெலுத்தோங்குக்குப் போனார்கள். குணாளன் அங்கேயே இருந்தான். ஜூருவில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவன். கடைப் பெயர் போட்ட சட்டை, தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, மூக்கைத் துளைக்கும் அத்தர். ஒரு கிளாஸ் தே தாரேக் டீயைச் சுண்டுவிரல் மட்டும் வெளியே நீட்டியபடி பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். பெரிய மனிதத் தோரணை என்று மைக்கேல் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

“நான் தலையால அடிச்சுக்கிட்டேன் மேடம்,” என்றான் குணாளன். “என் கடைக்கு வாங்க மாப்பிள்ளை, காரைத் தூக்குற ஹோய்ஸ்ட் இருக்கு, ஒரு மணி நேரத்துல பிட் பண்ணிடலாம்னு. கேக்கலையே. வீடியோ பார்த்தா எல்லாரும் மெக்கானிக் ஆயிடலாம்னு நெனைப்பு. படிச்ச ஆளுங்களே இப்படித்தான்லா.”

“குழாய் உங்க கடையில வாங்குனதா?”

“முதல் பீஸ்! இந்த மாடலை இன்னும் யார் காருலயும் மாட்டுனதில்ல. பெட்டியோட கையில குடுத்தேன், அதோட சரி. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கல.” அவன் காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். “ஆனா சும்மா சொல்லக்கூடாது மேடம். அந்தச் சவுண்டு! அடிவயித்துல இருந்து உறுமும். ஒரு மைவியில இப்படி ஒரு சவுண்டு நான் கேட்டதே இல்ல. பாவம், அவருக்குத்தான் அனுபவிக்கக் குடுத்து வைக்கல.”

சாந்தினி தலையசைத்தார். “சனிக்கிழமை காலையில எங்க இருந்தீங்க?”

“ஜூருவுல, கடையிலதான். அங்க இருந்து நேரா பாலத்தைத் தாண்டி வந்தேன், சாப்பாடு வாங்கிட்டு.”

சாந்தினி வேறெதுவும் கேட்கவில்லை. மைக்கேலிடம் காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளையும் வைக்கச் சொன்னார். அவன் வைத்ததும் காரை இரு கைகளாலும் தள்ளிப் பார்த்துவிட்டு, பாயை விரித்து அடியில் நுழைந்தார். போர்ச் தரை வாசல் பக்கமாகச் சற்றுச் சரிந்திருந்தது. புதிய குழாய் முழுவதுமாகப் பொருத்தப்பட்டிருந்தது. பின்பக்கம் வெள்ளி போல் பளபளத்தது. முன்பக்க இணைப்பின் அருகே மட்டும் எஃகு வெளிர் பொன் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்தப் பொன் நிறத்தின் நடுவில் பழுப்பாக ஒரு கைத் தடம். மூன்று விரல்கள் குழாயைச் சுற்றி வளைந்திருந்தன. நான்காவதான சுண்டுவிரல் வளையாமல் குழாயோடு நீளமாகக் கிடந்தது.

“மைக்கேல், இதைத் துடை.”

மைக்கேல் ஊர்ந்து வந்து துணியால் தேய்த்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தான். கை அப்படியே இருந்தது.

“அழுக்கு கெட்டியா இருக்கு மேடம்.”

“ஆமா. ரொம்பக் கெட்டி,” என்றார் சாந்தினி.

வெளியே வந்து கை கழுவியபோது, சுவருக்கு அப்பால் ஒரு முதிய பெண் துணி எடுத்துக்கொண்டிருந்தார். காமாரியா. சாந்தினி அருகில் போய் மலாயில் வணக்கம் சொன்னார். குணாளன் முறைத்தான். காமாரியா அவனைப் பார்க்காமல் பேசினார். சனிக்கிழமை காலை முழுக்க ஒரே பீசிங், தாங்க முடியாத சத்தம் என்றார். கார்க் கதவு இரண்டு முறை அடைபட்டது, படார், படார் என்று. கார் உறுமிக்கொண்டு போனது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு நின்ற இடத்திலேயே மறுபடி உறுமல். அப்புறம் ஏதோ கனமாக விழுந்த ஓசை. சத்தம் நின்றதே போதும் என்று அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். ஆம்புலன்ஸ் வந்தது அதற்கு வெகு நேரம் கழித்துத்தான்.

“இதைப் போலீசிடம் சொன்னீர்களா?”

“நான் சண்டை போட்டேனா என்று மட்டும்தான் கேட்டார்கள்,” என்றார் காமாரியா. அவர் கண்கள் கலங்கியிருந்தன. “நான் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.”

கடைசியாக, ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை ஜெயலெட்சுமி கொண்டு வந்தாள். கிழிந்த சட்டை, கைக்கடிகாரம், ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் கையுறைகள். வலக் கையுறையில் இரண்டு விரல் நுனிகள் வெந்து உருகியிருந்தன.

“எப்பவும் கையுறை போட்டுத்தான் வேலை செய்வாரா?”

“அது இல்லாம ஸ்குரூகூடத் தொட மாட்டாரு. தோல் அலர்ஜி.”

திரும்பும் வழியில் மைக்கேல் பொங்கி வழிந்தான். “அந்தம்மாதான் மேடம்! சத்தம் பொறுக்காம வந்து ஜாக்கை இறக்கிட்டாங்க. சத்தம் நின்னதே போதும்னு அவங்களே சொல்றாங்க!”

“காது வலிச்சதுக்கெல்லாம் ஆளைக் கொல்றதா இருந்தா, பினாங்குல பாதிப் பேர் உயிரோட இருக்க மாட்டாங்க,” என்றார் சாந்தினி. “இதுல கொலை எதுவும் இல்ல மைக்கேல். கொலைன்னா அதுக்கு ஒரு முடிவாவது எடுத்திருக்கணும். இது அதைவிடக் கேவலம்.”

மறுநாள் பின்னேரம் எல்லாரையும் அதே போர்ச்சில் கூட்டினார். ஜெயலெட்சுமி படியில் உட்கார்ந்திருந்தாள். காமாரியா சுவரோரம் நின்றார். குணாளன் மட்டும் தனக்கு நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டான்.

“குழாய் மாட்டி முடிச்சாச்சு, காரை ஓட்டியும் பார்த்தாச்சு,” என்று தொடங்கினார் சாந்தினி. “எஃகு சூடானாத்தான் பொன் நிறம் வரும். மக்சிக்கும் சத்தத்தைக் கேட்டிருக்காங்க. போனப்ப கதவு ரெண்டு தடவை அடைபட்டுச்சு. ரெண்டு பேர் ஏறியிருக்காங்க.”

“யாரோ ஃப்ரெண்டா இருக்கும்,” என்றான் குணாளன்.

“இருக்கலாம். அந்த ஃப்ரெண்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு. புது எஃகுக் குழாயை வெறுங்கையால தொட்டா, விரல்ல இருக்கிற எண்ணெய் அதுல ஒட்டும். துடைக்காம இன்ஜினை எடுத்தா அது அப்படியே வெந்து பதிஞ்சிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. குழாய் சூடாகிறதுக்கு முன்னாடி, மாட்டும்போது தாங்கிப் பிடிச்ச கை அது. லோகேஸ்வரன் கையுறை போட்டிருந்தாரு. அப்ப அது யாரோட கை?”

குணாளன் தலையிலிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

“கார்ச் சாமான் விக்கிறவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். மாட்டுனதும் துடைக்கணும்னு வாங்குறவங்களுக்குச் சொல்ல வேண்டியவரே அவர்தான். குணாளன், இந்தத் தண்ணி கிளாஸைப் பிடிங்க,” என்று அவர் ஒன்றை நீட்டினார்.

அவன் பிடிக்கவில்லை. கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

“அண்ணனுக்குச் சுண்டுவிரல் மடங்காது,” என்றாள் ஜெயலெட்சுமி மெதுவாக. “சின்ன வயசுல பேட்மிண்டன் ஆடி உடைஞ்சது.”

“குழாய்ல அது நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு,” என்றார் சாந்தினி. “பெட்டியைப் பிரிக்கவே இல்லன்னு சொன்னீங்க. யார் காருலயும் மாட்டாத முதல் பீஸ்னு சொன்னீங்க. அடுத்த மூச்சுல, இந்தச் சவுண்டை மைவியில கேட்டதே இல்லன்னு ரசிச்சீங்க. எங்க கேட்டீங்க? பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் உழைக்கணும் குணாளன். உங்களுக்கு அதுவும் முடியல.”

மைக்கேல் வாயைப் பிளந்தபடி நின்றான்.

“மிச்சத்தை நான் சொல்றேன். ஓட்டிப் பார்த்துட்டு வந்தீங்க. சூடானதுக்கு அப்புறம் இணைப்பை இன்னொரு தரம் முறுக்கணும். லோகேஸ்வரன் மறுபடி அடியில போனாரு. அதான் கையுறை வெந்திருக்கு. ஆனா ஓட்டிப் பார்க்கக் காரை இறக்கினப்பவே ஸ்டாண்டை எல்லாம் நீங்க ஸ்டோர்ல வச்சுட்டீங்க. திரும்ப எடுத்துட்டு வரச் சோம்பல். அவர் கேட்டிருப்பாரே?”

“கேட்டாரு,” என்றான் குணாளன். “வச்சாச்சு மாப்பிள்ளைன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷ வேலைதானே.”

“அப்புறம் சீட்டுல ஏறி உக்காந்து ஆக்சிலரேட்டரை மிதிச்சீங்க. மனுஷன் அடியில இருக்கிறப்ப. எதுக்கு?”

“வீடியோ எடுக்க… கடைப் பேஜ்ல போடலாம்னு. நான் அசைஞ்சதும் கார் வழுக்கிருச்சு. சத்தியமா வேணும்னு செய்யல மேடம். பயந்துட்டேன். எம்மேல பழி வரும்னு… சந்து டீக்கடையில போய் உக்காந்துட்டேன். மூளையே ஓடல.”

“சாப்பாடு வாங்குற அளவுக்கு ஓடியிருக்கு,” என்றார் சாந்தினி. “ஜாக் அங்கேயே கிடந்துச்சு. நிமித்தி வச்சு பம்ப் அடிச்சிருந்தா காரு எழும்பியிருக்கும். கத்தியிருந்தா இவங்க ஓடி வந்திருப்பாங்க. நீங்க போய் தே குடிச்சீங்க. திரும்பி வந்து ஒரு வயசான பொம்பளை மேல பழியைப் போட்டீங்க. இத்தனை வருஷத்துல நிறையத் திருடனுங்களைப் பார்த்திருக்கேன். அவங்களோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கேன். உங்களோட முடியாது.”

ஜெயலெட்சுமி எழுந்து அண்ணனுக்கு எதிரே வந்து நின்றாள். அழவில்லை.

“நீ போனப்ப அவருக்கு நினைவு இருந்துச்சா?”

குணாளன் தரையைப் பார்த்தான்.

“உன்னைக் கூப்பிட்டாரா?”

அவன் தலையசைத்தான். “மச்சான், மச்சான்னு… ரெண்டு மூணு தடவை.”

அவள் அவனை அடிக்கவில்லை. அவன் நாற்காலியின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தாள். அவன் தடுமாறி எழுந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாள். போலீஸ் வரும் வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். வண்டி வந்து அவனை ஏற்றும்போது, குணாளன் மைக்கேல் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டான்.

“அண்ணே, பேப்பர்ல கடைப் பேரு வருமா?”

மைக்கேல் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றான்.

வண்டி போன பிறகு ஜெயலெட்சுமி காமாரியாவின் பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். காமாரியா அதற்குக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்த் தன் பழைய காரை வெளியே எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார்.

“ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் முடியப் போகிறது,” என்றார் மலாயில். “ஏறு.”

ஜெயலெட்சுமி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது, லோகேஸ்வரனின் கண்கள் பாதி திறந்திருப்பதாகத் தாதி சொன்னாள்.