ஹுப் என்றால் ஆமாம்

ஸ்வீடனின் வடக்கே எங்கள் ஊரில் யாரும் வாய் திறந்து 'ஆமாம்' சொல்ல மாட்டார்கள். உதட்டைக் குவித்து, 'ஹுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். அவ்வளவுதான். பேச்சில் அத்தனை சிக்கனம்.

அந்த 'ஹுப்'பால்தான் மெல்கர் எங்கள் பள்ளியைவிட்டே போக இருந்தான்.

எங்கள் நடுநிலைப் பள்ளி, கணக்கில் வட்டாரத்திலேயே கடைசி. அதனால் தலைமையாசிரியை ஓர் ஏற்பாடு செய்தார். ஆறாம் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவருக்குத் துணை. வாரம் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்கு வாய்த்தவன் மெல்கர். பள்ளிக்குள் காலணியைக் கழற்றிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்; அவன் ஒரு காலில் நீலக் காலுறை, மறுகாலில் பச்சைக் காலுறையோடு வருவான்.

நான் பின்னக் கணக்கைச் சொல்வேன். "புரிஞ்சுதா?" என்பேன். "ஹுப்" என்பான். நானும் பெருமையாக அடுத்த பக்கத்துக்குப் போவேன்.

தேர்வில் இருபதுக்கு மூன்று வாங்கினான்.

"அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் தேர்வு," என்றான். "அதுல பத்து வாங்கலன்னா, பனிக்கால லீவு முடிஞ்சதும் என்னை, கணக்குக்குத் தனி வகுப்பு இருக்கிற நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திடுவாங்க. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ல போகணும். அங்க எனக்கு யாரையுமே தெரியாது, இல்வா."

எனக்கோ கோபம்தான் வந்தது.

"எல்லாத்துக்கும் ஹுப் ஹுப்னு சொன்னியேடா!"

"வேற என்ன சொல்றது? புரியலன்னா, அதையே இன்னும் வேகமா சொல்லுவ. நீ மட்டும் என்னவாம்? ஹோகன் கேக்கறப்போ உங்க வகுப்பே ஹுப்னு இழுக்குது. கதவைத் தாண்டிப் போனா, சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரி கேக்குது. உனக்கு நெஜமாவே எல்லாம் புரியுதா?"

ஹோகன் எங்கள் இரண்டு வகுப்புக்கும் கணக்கு ஆசிரியர்; எங்கள் ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். எனக்கும் பின்னம் புரிந்ததே இல்லை. மனப்பாடம் செய்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவன் பள்ளியைவிட்டுப் போனால் அதற்கு நானும் ஒரு காரணம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

மறுநாள் ஹோகன் பலகை நிறைய எழுதி முடித்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார், "புரிஞ்சுதா?"

"ஹுப்." வகுப்பே மூச்சை இழுத்தது.

"இல்ல, ஹோகன்," என்றேன். "எனக்குப் புரியல."

அவர் திரும்பினார். "எந்த வரியிலேர்ந்து?"

"அக்டோபர்லேர்ந்து."

அது பிப்ரவரி மாதம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன், "எனக்கும்தான்," என்றான். ஜன்னலோரத்தில் நான்கு கைகள் மெதுவாக உயர்ந்தன.

ஹோகன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இத்தனை நாளா ஏன் யாருமே சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்," என்றேன்.

"இப்போ அதைவிட வருத்தமா இருக்கு," என்றார்.

பிறகு எழுந்து பலகையை முழுவதும் அழித்தார். வெறும் காலுறையோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடி, வட்டமான மொறுமொறு ரொட்டிகளை அடுக்காகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இனிமே புரிஞ்சுதான்னு கேக்க மாட்டேன். நீங்கதான் எனக்குச் சொல்லிக் காட்டணும். ம், உடைங்க!"

அன்று மாலை நானும் இரண்டு ரொட்டிகளோடு நூலகத்துக்குப் போனேன்.

"இன்னிலேர்ந்து ஹுப்புக்குத் தடை," என்றேன். "கால் பெருசா, எட்டுல ஒண்ணு பெருசா?"

"எட்டுல ஒண்ணு. நாலைவிட எட்டுதானே பெருசு?"

நான் சிரிக்கவில்லை. ஒரு ரொட்டியை நான்காகவும் இன்னொன்றை எட்டாகவும் உடைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து வெண்ணெய் தடவி வைத்தேன். "உனக்கு எது வேணும்?"

மெல்கர் வெகுநேரம் பார்த்தான். பிறகு கால் துண்டை எடுத்துக்கொண்டான்.

"அட! நிறைய பேருக்குப் பங்கு போட்டா துண்டு சின்னதாயிடுது!"

"இப்போ அதை எனக்குச் சொல்லிக் குடு."

மூன்று முறை சொல்லிக்கொடுத்தான். மூன்று முறையும் கணக்கைத் தின்றுவிட்டான்.

வெள்ளிக்கிழமைத் தேர்வில் பதின்மூன்று வாங்கினான். லீவு முடிந்த திங்கட்கிழமை, நகரத்துப் பேருந்து அவன் இல்லாமல் போனது. எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அன்று துணைகளையும் வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள்; நான்காம் வகுப்பில் மெல்கருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஹோகன் புதுக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். முப்பது வருடப் பழக்கம் லேசில் போகுமா? வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"புரிஞ்சுதா, மெல்கர்?"

மெல்கர் உதட்டைக் குவித்தான். மூச்சு பாதி உள்ளே போய்விட்டது.

அவன் மூச்சை மெல்ல வெளியே விட்டான்.

"இல்ல, ஹோகன். கடைசி வரி புரியல."

ஹோகன் அவன் மேசையருகே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். "வா, சேர்ந்து பார்க்கலாம்," என்றார்.