பதினொரு பவுண் கொடி

கைபேசி அலறியது!

"அக்கா, நகை மினுக்கிற றஞ்சித் கதைக்கிறன். உங்கடை கேற்றடியிலை நிக்கிறன்..."

உதயகலா யன்னலால் கேற்றை எட்டிப் பார்த்தாள். ஏழு வருடம்! உடுவிலில் தொடங்கி அச்சுவேலி வரை அவள் தேடித் திரிந்த குரல்!

"வாங்கோ அண்ணை... உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

வந்தான். அவனுக்கு அவளையோ வீட்டையோ அடையாளம் தெரியவில்லை. நூறு வீட்டை ஏமாற்றியவனுக்கு எந்த முகம் நினைவிருக்கும்?

தாலிக்கொடியை நீட்டினாள். கையில் ஏந்திப் பார்த்தான்.

"நல்ல கனமான கொடி! ஆனா உங்களுக்கு வைச்சிருக்கத் தெரியேல்லை அக்கா. சோப்புப் போட்டுக் குளிக்கேக்கை கழட்டி வையுங்கோ. சென்ற் படக்கூடாது. மற்ற நகையளோடை சேத்து வைச்சா உரஞ்சும். பருத்தித் துணியிலை தனியச் சுத்தி வையுங்கோ."

என்ன அக்கறை! பெற்ற தாய் தோற்றாள். பாவி!

போத்தலைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றினான். கொடி மூழ்கியது.

"உது என்ன தண்ணி அண்ணை?"

"பூந்திக்கொட்டை அவிச்ச தண்ணி. குடிச்சாலும் ஒண்டும் செய்யாது!"

"ஓமோ..?"

சிறிது நேரத்தில் கொடியை எடுத்து, மஞ்சள் தேய்த்துக் காட்டினான். பளபளத்தது. மேலே உள்ள தங்கத்தைக் கரைத்து உரித்தால் பளபளக்காமல் என்ன செய்யும்?

கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். திரும்பி வந்தபோது தேத்தண்ணி தயாராக இருந்தது. மடக் மடக்கென்று குடித்தான்.

"சரியாப் புளிக்குதக்கா..."

"புளிக்கும். உங்கடை தண்ணியிலை ரெண்டு கரண்டி விட்டனான்."

கப் விழுந்து உடைந்தது.

"எ... என்ன..?!"

"குடிச்சாலும் ஒண்டும் செய்யாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஐயோ! அது அசிட்! தங்கத்தையே கரைக்கும்! என்ரை குடல்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ!"

உதயகலா அவசரமில்லாமல் கதிரையில் உட்கார்ந்தாள்.

"கொண்டுபோறன். முதல்லை இதைச் சொல்லுங்கோ. ஏழு வருசத்துக்கு முன்னம் இதே வீட்டிலை, அம்மான்ரை இதே கொடியை மினுக்கினனீங்கள். அப்ப பதினொரு பவுண். என்ரை கலியாணத்துக்கு நிறுக்கேக்கை எட்டு! மிச்சம் எங்கை?"

"நான்தான்... நான்தான் கரைச்சனான்! தண்ணியை வீட்டை கொண்டுபோய்த் தங்கத்தைப் பிரிச்செடுத்தனான்!"

"அப்ப என்ரை அம்மா களவெடுக்கேல்லையோ?"

"அந்த மனிசிக்கு ஒண்டும் தெரியாது!"

"சத்தமாச் சொல்லுங்கோ!"

"உங்கடை அம்மா களவெடுக்கேல்லை!"

அறைக்கதவு திறந்தது.

முதலில் வந்தவர் பொலிஸ்காரர் பஞ்சலிங்கம். அவருக்குப் பின்னால், முகம் வெளிறிப்போய், அருமைநாயகி மாமி!

அப்பாவின் தமக்கை. சீதனமாகப் பேசிய கொடியில் மூன்று பவுணை வெட்டி விற்ற கள்ளி என்று ஊரைக் கூட்டி அம்மாவைத் திட்டியவள். தன் மகனுக்கும் உதயகலாவுக்கும் பேசியிருந்த கலியாணத்தை நிறுத்தியவள். அன்றைக்குப் படுத்த அம்மா பிறகு எழும்பவேயில்லை. அந்தக் காது இதைக் கேட்க வேண்டும் என்றுதான் உதயகலா காலையிலேயே அவளைக் கூட்டிவந்து உள்ளே இருத்தியிருந்தாள்.

"வயிறு எரியுது... அம்புலன்ஸ்!" றஞ்சித் உருண்டான்.

"நடிக்காதை. நான் பிழிஞ்சு விட்டது வெறும் தேசிக்காய்ப் புளி!"

வயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. பஞ்சலிங்கம் அந்தக் கையிலேயே விலங்கை மாட்டினார். போத்தலையும் கிண்ணத்தையும் பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

மாமி விம்மினாள்.

"பிள்ளை... தெரியாமல் கதைச்சிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா..."

"மன்னிக்கிறதெண்டா அம்மாதான் மன்னிக்கவேணும். அவ இல்லை."

உதயகலாவுக்கு இரக்கம் வரவில்லை. ஏழு வருடத்தில் முதல் தடவையாகச் சிரிப்புத்தான் வந்தது.

"இருங்கோ மாமி. உங்களுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன்..."

மாமி செருப்பைக்கூட மாட்டாமல் கேற்றைத் தாண்டி ஓடினாள்!

உதயகலா கப்பும் கையுமாக வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்.

"ஏன் மாமி ஓடுறியள்..? இதுக்குச் சீனி போட்டிருக்கு!"