ஆறரைச் செய்தியும் உப்பில்லாத கடலையும்

"நிறுத்துங்கண்ணே... நிறுத்துங்க!"

கொட்டுகிற மழையில், கையில் ஒரு கொடியை ஆட்டிக்கொண்டு நடுரோட்டுக்கே ஓடிவிட்டாள் ஓஷாதி. வந்த ஆட்டோ கிறீச்சென்று அவள் முழங்காலை உரசாத குறையாக நின்றது.

"சாகப் பாக்கிறியா தங்கச்சி?" ஆட்டோக்காரர் கத்தினார்.

"கடலை தின்னுட்டுக் கத்துங்கண்ணே! கலைப்பீடத்துத் தன்சல். காசு வேணாம், ஒண்ணும் வேணாம். புத்தர் பொறந்த வெசாக் நாள்ல எங்க பந்தலத் தாண்டி யாரும் சும்மா போகக்கூடாது!"

பின்சீட்டில் ஒருவன் இருந்தான். வெள்ளைச் சட்டை. மடியில் பெரிய மூடிச்சட்டி ஒன்றைப் பச்சைப்பிள்ளையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான். 'வேணாங்க, அவசரம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவள் பேசப் பேச அந்த வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி நிற்பதைக்கூடக் கவனிக்காமல் அவளையே பார்த்தன.

என்ன இப்படிப் பார்க்கிறான்? முகத்தில் கரி ஏதும் ஒட்டியிருக்கிறதோ? ஓஷாதி புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். ஒட்டித்தான் இருந்தது. இப்போது கன்னம் முழுக்கப் பரவியது.

"இறங்குறீங்களா, இல்ல சட்டியோட தூக்கிட்டுப் போகவா?"

அவன் இறங்கினான். சட்டியோடுதான் இறங்கினான். பெஞ்சில் உட்கார்ந்து, அவள் நீட்டிய கடலையை வாங்கி ஒரு வாய் போட்டான். மென்றான்... மென்றுகொண்டே இருந்தான். மறுபடி அவளைப் பார்த்தான். ஏதோ பெரிய விஷயம் சொல்லப் போகிறவன் போல மூச்சை இழுத்துக்கொண்டான்.

அவள் நெஞ்சு ஏனோ ஒரு தரம் குதித்தது.

"உப்பில்லங்க" என்றான்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தன்சலில் கொடுப்பது தானம். அதில் குறை சொல்வது எந்த ஊர் வழக்கம்? காரம் என்றால் தண்ணீர் குடிப்பார்கள், வேகவில்லை என்றால் மெதுவாக மெல்வார்கள், 'புண்ணியம் சேரட்டும்' என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் அப்படித்தான் போனார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல... வந்து... கடலை நல்லா வெந்திருக்கு. உப்பு மட்டும்..."

"தம்பி!" ஆட்டோக்காரர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "அங்க உங்க பொறியியல் தன்சல்ல வெறும் மரவள்ளிக்கிழங்க வச்சுக்கிட்டு சனம் உக்காந்திருக்கு. தொட்டுக்கிற சம்பல் சட்டி இங்க கதை பேசிக்கிட்டிருக்கு!"

அப்போதுதான் விளங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொறியியல் பீடத்துத் தன்சல். எதிர்க்கட்சி! அதன் சம்பல் சட்டியையே மறித்து, கூப்பிட்டு உட்கார வைத்து, கடலையும் கொடுத்திருக்கிறாள். தோழி தில்கி முதலில் சிரித்தாள். பிறகு பந்தலே சிரித்தது. அவன் காது சிவக்க எழுந்து, கடலையை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்று முடித்து, ஆட்டோவுக்கு ஓடினான்.

ஆட்டோ கிளம்பிப் போனதும் ஓஷாதி ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

உப்பில்லை. துளிகூட இல்லை!

புத்த பூசைக்குப் படைக்கும் முன் எதையும் ருசி பார்க்கக் கூடாது. அதனால் யாரும் வாயில் வைக்கவில்லை. உப்பை அவள் போட்டாள் என்று தில்கி நினைத்தாள், தில்கி போட்டாள் என்று அவள் நினைத்தாள். படைத்த பிறகோ கூட்டம் மூச்சுவிட விடவில்லை.

"போச்சு..." என்று தலையில் கை வைத்தாள். "தில்கி, கத்தாத. சத்தமில்லாம உப்புக் கரைச்சு ஊத்து."

தில்கிக்கு முன்னால் இது நடந்ததுதான் அதிக வலி. போன மாதம் அவள்தான் கேட்டாள்: "தினம் ஆறரைக்கு ஊரையே கூப்பிடுறியே... நீ எதுக்காவது வந்திருக்கியா?"

மாணவர் வானொலியில் வளாகச் செய்தி வாசிப்பவள் ஓஷாதி. மாலை ஆறரை. இன்று என்ன நடந்தது, நாளை என்ன நடக்கிறது, எதில் யார் சேரலாம். மரம் நட ஆள் தேவை, இரத்ததான முகாம், பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசிக்கக் குரல் தேவை... கடைசியில் எப்போதும் ஒரே வரி: 'பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்... வந்து கை கொடுங்கள்.' ஆனால் அவள் கை மட்டும் எதிலும் பட்டதில்லை. கூட்டம் என்றால் கூச்சம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசுவது சுகம். தில்கி கேட்ட கேள்வி தைத்துவிட்டது. அதனால்தான் இந்த வெசாக்குக்குத் தன்சலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். இதாவது ஒழுங்காக முடிய வேண்டும். வாய்ப்பேச்சுக்காரி என்று இனி ஒருத்தியும் சொல்லக் கூடாது.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து, உப்பில்லை என்று...

அதுவும் அந்தக் கண்களை வைத்துக்கொண்டு!

கோபம் மாலைவரை ஆறவில்லை. அவன் சொன்னது சரி என்பதால்தான் ஆறவில்லை. ஆறரைக்கு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தவள் எல்லாச் செய்தியும் வாசித்துவிட்டு, எழுதி வைக்காத ஒன்றையும் சேர்த்தாள்.

"கலைப்பீடத் தன்சலுக்கு இன்று வந்த பொறியியல் பீடத்து அன்பர் ஒருவர், தானத்தில் குறை கண்டுபிடித்துச் சாதனை படைத்தார். நாளையும் வர விரும்பும் பொறியியலாளர்கள் உப்பை வீட்டிலிருந்தே கொண்டுவரலாம்..."

வளாகம் முழுக்கச் சிரித்திருக்கும். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சொல்லி முடித்த கணமே, சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. ஏன் அப்படிப் பட வேண்டும்? யார் அவன்? பெயர்கூடத் தெரியாது. பிறகு ஏன் அந்த உப்பில்லாக் கடலையை அவன் கடைசி மணிவரை தின்றது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது?

மறுநாளும் தன்சல். மறுநாளும் மழை.

காலையிலேயே பொறியியல் பீடத்து மாணவன் ஒருவன் வந்தான். நெட்டையன். பயபக்தியோடு மேசையில் ஒரு உப்புப் பொட்டலத்தை வைத்தான்.

"செய்தியில கேட்டிருந்தீங்களாம்... கொண்டு வந்திருக்கேன் அக்கா."

கும்பிட்டான். கடலை வாங்கித் தின்றுவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவன் கையிலும் உப்பு. பின்னால் இன்னும் இருவர். பாலத்தைத் தாண்டி வரிசை நீண்டது... ஆளுக்கொரு பொட்டலம். ஒருவன் கல்லுப்பை வெள்ளைத் துணியில் கட்டி, பூவும் வைத்துக் கொண்டுவந்தான்!

ஓஷாதிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கேலி செய்கிறார்களா? ஆனால் ஒருவன் முகத்திலும் கோபம் இல்லை. ஒவ்வொருவனும் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான், பக்கத்தில் நின்றவனை இடித்துச் சிரித்தான், நகர்ந்தான்.

"என்னடி இது? பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிறானுங்க?" தில்கி காதில் கிசுகிசுத்தாள்.

"பழிவாங்குறானுங்க. அவன்தான் அனுப்பியிருக்கான்."

ஆனால் அவன் வரவில்லை. வரிசையில் ஒவ்வொரு வெள்ளைச் சட்டையாகப் பார்த்தாள். இல்லை. வரவில்லை என்றால் நிம்மதிதானே வர வேண்டும்? ஏன் ஏமாற்றம் வருகிறது? இந்த மனசு யார் பக்கம்?

நடுப்பகலில் அண்டாவின் அடியில் கரண்டி தட்டியது.

"ஓஷாதி... முடிஞ்சிருச்சு."

சரியாக அப்போதுதான் கண்டியிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. கைக்குழந்தையோடு பெண்கள், பன்சலைக்குப் போய் புத்தரைக் கும்பிட்டு வந்த வயதானவர்கள், எல்லோரும் நனைந்தபடி இறங்கினார்கள். பந்தலுக்கு முன் வரிசை கட்டினார்கள். மேசை நிறைய உப்பு இருந்தது. கடலை ஒரு மணி இல்லை.

"கொஞ்சம் இருங்கம்மா... இதோ..." என்றாள் ஓஷாதி. எதை 'இதோ'? கண் கலங்கியது. மறித்து மறித்துக் கூப்பிட்டது நீதானே? இப்போது கொடுக்க என்ன இருக்கிறது? தில்கி தலையைத் திருப்பிக்கொண்டாள். அது இன்னும் சுட்டது.

கிறீச்.

அதே ஆட்டோ. மறிக்காமல் தானாகவே நின்றது. அவன் இறங்கினான். கையில் அதே சட்டி. பின்சீட்டில் ஆவி பறக்க ஒரு அண்டா மரவள்ளி.

"இறக்குங்க, சூடா இருக்கு" என்றான் தில்கியிடம். ஓஷாதியைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கரண்டியை எடுத்தான். முதலில் நின்ற கிழவருக்கு மரவள்ளி, மேலே சம்பல், கையில் கொடுத்துக் கும்பிட்டான். அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு...

ஓஷாதி அவன் பக்கத்தில் போய் நின்றாள். தேங்காய்ப்பூவை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"உங்க தன்சல்?" மெதுவாகக் கேட்டாள்.

"பாதி அங்க, பாதி இங்க. எங்க பசங்க எல்லாம் இங்கதானே தின்னானுங்க... அவனுங்க தின்னதுக்குக் கணக்கு நேர் பண்ண வேணாமா?"

"எல்லாம் நீங்க அனுப்பின ஆளுங்கதானே? என்னைய அவமானப்படுத்த."

அவன் கரண்டி நின்றது. "ஐயோ இல்லங்க! அந்த உப்பு உங்களுக்கில்ல... எனக்கு. அவனுங்க கேலி பண்றது என்னைய."

"உங்களையா? எதுக்கு?"

"சம்பல் போடுங்க தம்பி, கதை அப்புறம்" என்றார் வரிசையில் நின்ற ஒரு அம்மா. போட்டான். காது சிவந்தது. நேற்றுச் சிவந்த அதே காது.

வரிசை மெலிந்ததும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என் பேர் யசிரு. நான் தினமும் ஆறரைக்கு ரூம்ல எல்லாருக்கும் வாய மூடச் சொல்லிட்டுச் செய்தி கேப்பேன். விடுதிக்கே தெரியும். வந்து கை கொடுங்கன்னு நீங்க சொல்லுவீங்க. சொல்றவங்க அங்க இருப்பாங்கன்னு நெனச்சேன். மரம் நடப் போனேன். நீங்க இல்ல. ஆத்தங்கரை துப்புரவாக்கப் போனேன், அட்டை கடிச்சதுதான் மிச்சம். இரத்தம்கூடக் குடுத்துட்டேங்க... ரெண்டு முகாம்ல!"

ஓஷாதியின் கையிலிருந்த தேங்காய்ப்பூ அப்படியே நின்றது.

"நேத்து நடுரோட்டுல ஒருத்தி கத்துறா. குரலைக் கேட்டதும் தெரிஞ்சிருச்சு. ஒரு வருசமா என்ன பேசணும்னு பாடம் பண்ணி வச்சிருந்தேன். வாயத் தெறந்தா..." அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "உப்பில்லன்னு வருது!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்தது. மழையென்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பந்தலுக்குள் ஏது மழை?

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. குரல மட்டும்னு நெனச்சிருந்தேன். நேத்து கன்னம் பூராக் கரியோட பாத்த பிறகு... எல்லாமே. இப்ப பதில் சொல்ல வேணாம். கோவம் தீந்த பிறகு சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். தினமும் வளாகம் முழுக்கக் கேட்கப் பேசுகிற வாய், ஒற்றை ஆளிடம் பேச மறந்து நின்றது. 'இரு... போகாதே...' என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தப்பாகத்தான் புரிந்துகொண்டான். தலையை ஆட்டிவிட்டு, வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் பாலத்தை நோக்கி நடந்தான்.

"பேசுடி!" என்றாள் தில்கி. "ஊருக்கே பேசுவ... இதுக்கு வாய் செத்துருச்சா?"

ஆறரை. கண்ணாடி அறை. வெளியே மரம் முழுக்க வெசாக் கூடுகள், விளக்கு வைத்த காகிதக் கூண்டுகள், எரியத் தொடங்கியிருந்தன. ஓஷாதி செய்திகளை வாசித்தாள். கூடு கட்டும் போட்டி முடிவு... தண்ணீர் வராத விடுதிகள்... கடைசித் தாளும் முடிந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு திருத்தம். நேற்றைய செய்தியில் பொறியியல் பீடத்து மாணவர் ஒருவரைக் கேலி செய்திருந்தேன். அவர் சொன்னது சரி. கடலையில் உப்பில்லை. போட மறந்தவள் நான். சரியென்று தெரிந்தே கேலி செய்தேன். மன்னிக்க வேண்டும்."

ஒலிவாங்கியின் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே தில்கி இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஞாயிறு காலை மறுபடி ஆற்றங்கரைத் துப்புரவு இருக்கிறது. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வரவும். பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்... வந்து கை கொடுங்கள். இந்தத் தடவை நானும் வருகிறேன்."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அந்த மாணவர் இன்று பகலில் இன்னொன்றும் சொன்னார். என்னால் அப்போது பேச முடியவில்லை. கோபத்தினால் இல்லை... அவர் சொன்னதற்கு என் பதில்..."

ஊரெல்லாம் கேட்கிறது. கேட்கட்டும்.

"எனக்கும்தான், யசிரு."

விளக்கை அணைத்தாள். தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பொறியியல் விடுதியிலிருந்து தகரத்தையும் வாளியையும் அடித்துக்கொண்டு ஒரு பெருங்கூச்சல் கிளம்பி, தண்ணீரைத் தாண்டி, மழையைத் தாண்டி, அந்தக் கண்ணாடி அறைவரைக்கும் வந்தது.