திரி இல்லாத விளக்கு

குரு அகப்பியோஸ் இரண்டு ஏடுகளை மேசைமேல் போட்ட வேகத்தில் மைக்கூடு ஆடியது. செசரியா நகரக் கிறிஸ்தவக் கோயிலின் நூலகத்தில் யாரும் எதையும் அவ்வளவு சத்தமாக வைப்பதில்லை.

"படிச்சுப் பாருங்க அம்மா. என் நூல் வெளிவந்து ஒரு வருஷம் ஆச்சு. போன ஞாயிறு சபினோஸ் அதையே தன்னோட பிரசங்கம்னு பேசியிருக்கான். இது அவன் கைப்பட எழுதினது. மேடையிலேயே விட்டுட்டுப் போயிட்டான். அது என்னோட மூலப்பிரதி."

நூலகத்தின் பொறுப்பில் இருந்த யூலித்தா ஏடுகளைத் தொடவில்லை. "முதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

"உக்கார நேரமில்லை. ஆயர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க ஒரு வார்த்தை திருட்டுன்னு சொன்னா சபினோஸோட குருப்பட்டம் போயிடும்."

வந்த வேகத்திலேயே அவர் வெளியேறினார். மூலையில் பிரதி எழுதிக்கொண்டிருந்த மர்தோனியோஸ் அதற்குமேல் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான். கோயிலில் வேதம் வாசிப்பவன் அவன். பேசாமல் இருப்பது மட்டும் அவனுக்குக் கைவராத கலை. அகப்பியோஸின் நூலை அவன் பாதி மனப்பாடமாகவே வைத்திருந்தான்.

"அக்கா, இதுல விசாரிக்க என்ன இருக்கு? பூனை பால் குடிச்ச கதைதான். மீசையிலேயே ஒட்டியிருக்கு."

"எடுக்கிறது தப்புன்னா இந்த அறையையே இழுத்து மூடணும்டா. அந்த அலமாரியைப் பாரு. நோவாவோட பேழையைப் பத்தி ஏழு பேர் எழுதியிருக்காங்க. முதல் ஆளு பறக்கவிட்ட புறாதான் ஏழு நூல்லயும் பறக்குது. யாரும் யாரோடயும் சண்டை போடலை. இது இன்னார் சொன்னதுன்னு பெருமையாவே எழுதி வச்சிருக்காங்க." யூலித்தாவின் குரலில் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கனிவு இருந்தது. "சரி, ரெண்டையும் படி."

முதலில் அகப்பியோஸின் நூலைப் படித்தான்: "புது அகல் முதலில் தானே எண்ணெயைக் குடிக்கும், நிறைந்த பிறகே சுடருக்கு விடும். ஆகையால் புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவன் ஒளி தரவில்லை என்று அவனை வையாதே."

பிறகு சபினோஸின் ஏடு: "வெற்று அகல் முதலில் தானே எண்ணெயைக் குடிக்கும், நிறைந்த பிறகே திரிக்கு விடும். திரியும் முதலில் தானே குடிக்கும். நிறைந்த பிறகே சுடருக்கு விடும். ஆகையால் புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவன் ஒளி தரவில்லை என்று அவனை வையாதே."

"'புது'வைப் போய் 'வெற்று'ன்னு ஆக்கிட்டாரு, பாருங்க," என்று சிரித்தான் மர்தோனியோஸ். "திருடுறதையாவது ஒழுங்காத் திருட வேண்டாமா?"

யூலித்தா சிரிக்கவில்லை. மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "வா, அவரையும் பாத்துட்டு வந்துடுவோம்."

துறைமுகத்தை ஒட்டிய நோயாளர் விடுதியில் சபினோஸ் பருப்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கால் தரையில் இழுபட்டது. ரோம அரசின் துன்புறுத்தல் நடந்த காலத்தில், செப்புச் சுரங்கத்துக்கு அனுப்பும் முன் கிறிஸ்தவர்களின் கணுக்கால் நரம்பைச் சுட்டுவிடுவார்கள். அந்தக் காலைப் பார்க்கும்போது மர்தோனியோஸுக்குக் காலையில் சிரித்தது உறுத்தியது.

"அகப்பியோஸ் நூலை நான் பாத்ததே இல்லை, தாயே," என்றார் சபினோஸ். "ஆனா அந்த வார்த்தை என்னுதும் இல்லை."

"அப்ப யாருது?"

"சொல்லமாட்டேன். செத்துப்போனவருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். பட்டம் போனாப் போகட்டும், கஞ்சி ஊத்த பட்டம் எதுக்கு?"

"சுரங்கத்துல உங்களுக்குப் புத்தகம் ஏதாவது கிடைச்சுதா?"

சபினோஸ் முதல்முறையாகச் சிரித்தார். "பக்கத்துல இருக்கிறவன் முகத்தைப் பாக்கவே வெளிச்சம் கிடையாது. புத்தகமா?"

மறுநாள் காலை யூலித்தா மூவரை நூலகத்துக்கு அழைத்தார். ஆயர் நடுவில் அமர்ந்தார். அகப்பியோஸ் சன்னலோரம் நின்றார். சபினோஸ் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கதவருகே உட்கார்ந்தார்.

"திருட்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் ஆயர்.

"சொல்றேன். சபினோஸ் எழுதின 'வெற்று' ஒரு பிழை. 'புது'தான் சரி. புது மண்ணகல்தானே எண்ணெயை உறிஞ்சும்? நம்ம கிரேக்கத்துல ரெண்டு வார்த்தையையும் எழுதுறதுதான் வேற. வாயால சொன்னா ரெண்டும் 'கெனோஸ்'தான். பாத்து எழுதுறவன் இதுல தடுமாறமாட்டான். கேட்டு எழுதுறவன்தான் தடுமாறுவான். ஆக, இது கண்ணு வழியா வரலை, காது வழியா வந்திருக்கு."

"என் நூலை யாராவது சத்தமா வாசிச்சிருப்பாங்க," என்றார் அகப்பியோஸ்.

"அதைத்தான் நானும் யோசிச்சேன். ஆனா உங்க நூல்ல ஒண்ணு குறையுது. அகல் இருக்கு, எண்ணெய் இருக்கு, சுடர் இருக்கு. திரி எங்க?"

மர்தோனியோஸ் நூலை எட்டிப் பார்த்தான். அந்த வரியை எத்தனை முறை உரக்கச் சொல்லியிருப்பான்! ஒருமுறைகூட அவன் திரியைத் தேடியதில்லை.

"சபினோஸ்கிட்ட திரி இருக்கு," என்று யூலித்தா அமைதியாகத் தொடர்ந்தார். "'நிறைந்த பிறகே'ன்னு ரெண்டு தடவை வருது. பிரதி எடுக்கிறவன் கண்ணு முதல் இடத்துலேருந்து ரெண்டாவது இடத்துக்குத் தாவிடும், நடுவுல இருக்கிற திரி விட்டுப்போயிடும். இந்த மேசையில தினமும் நடக்கிற தப்பு. தன் மனசுலேருந்து எழுதுறவனுக்கு அது நடக்காது. குருவே, உங்க கைப்பட எழுதின மூலப்பிரதியிலேயே அந்தத் தாவல் இருக்கு. நீங்களும் எதையோ பாத்துத்தான் எழுதியிருக்கீங்க."

அகப்பியோஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப மூணாவது ஆள் ஒருத்தர் இருக்காரு," என்றான் மர்தோனியோஸ், அடக்க முடியாமல்.

"இருக்காரு. ஒருத்தர் அவரைப் படிச்சிருக்காரு, ஒருத்தர் கேட்டிருக்காரு. ஊர்ல எல்லாரும் யார்கிட்டேருந்து எடுத்தாங்களோ அவர் பேரைப் பெருமையாச் சொல்றப்ப, இந்த ரெண்டு பேர் மட்டும் ஏன் வாயைக் கட்டிக்கிட்டாங்க? நம்ம கோயில்ல சொல்லக்கூடாத பேரு ஒண்ணுதான் இருக்கு. சபினோஸ், நீங்க பேச வேண்டாம், உங்க சத்தியம் அப்படியே இருக்கட்டும். நான் சொல்றேன். தோம்னீனோஸ்."

ஆயரின் கை நாற்காலியை இறுகப் பற்றியது. துன்புறுத்தலின்போது உயிருக்குப் பயந்து வேத ஏடுகளைப் படைவீரர்களிடம் ஒப்படைத்துத் துரோகியான குரு தோம்னீனோஸ். அதற்காகக் கோயிலே அவருடைய நூல்களை எரித்தது, திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லவும் தடை விதித்தது. எங்கோ ஓடிப்போனார் என்றுதான் ஊர் நம்பியது.

"ஓடிப்போகலை," என்றார் சபினோஸ். "ஒரு மாசம் கழிச்சு அவரே ஆளுநர் முன்னாடி போய் நின்னு 'நானும் கிறிஸ்தவன்தான்'னு சொல்லியிருக்காரு. சுரங்கத்துல என் சங்கிலியிலதான் கட்டியிருந்தாங்க. தினமும் இருட்டுல தன் நூலைச் சொல்வாரு. புதுசா வந்த பயலுக அழுகையை நிறுத்திட்டுக் கேப்பாங்க. 'பேரைச் சொல்லாதே, சொன்னா வெளியில யாரும் காது குடுக்கமாட்டாங்க. வார்த்தை மட்டும் போகட்டும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுச் செத்தாரு."

பிறகு அகப்பியோஸ் சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "எரிக்கச் சொன்னப்ப ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன். அவ்வளவு நல்ல எழுத்தை நெருப்புல போட மனசு வரலை. பேரோட வெளியிடவும் தைரியம் வரலை. நீ பிரசங்கம் பண்ணினதைக் கேட்டதும், என் பெட்டியை நீ திறந்து பாத்துட்டியோன்னு நினைச்சேன், சபினோஸ். பயந்துட்டேன். அதான் முந்திக்கிட்டு உன்மேல பழி போட்டேன்."

"அந்த நூல் முழுசா இருக்கா?" என்று கேட்டார் சபினோஸ். தன்மேல் சுமத்தப்பட்ட பழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கடைசிப் பகுதி ஈரத்துல அழுகிப்போச்சு."

"அது எனக்கு மனப்பாடம்."

ஆயர் எழுந்தார். "எடுத்துட்டு வாங்க அந்த நூலை. ரெண்டு பேரும் சேர்ந்து முழுசாக்குங்க. எழுதினவர் பேரு முதல் ஏட்டுல இருக்கணும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "மர்தோனியோஸ், வர்ற ஞாயிறு இறந்தோர் பேரு வாசிக்கிறப்ப அவர் பேரையும் சேர்த்துக்கோ."

ஞாயிறன்று கோயில் நிரம்பி வழிந்தது. மர்தோனியோஸ் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தான். தோம்னீனோஸின் பெயருக்கு வந்ததும் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். தெளிவாக வாசித்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாருக்கும் பின்னால், சுவரோரம் அமர்ந்திருந்த சபினோஸ் எழுந்து நிற்க முயன்றார். கால் ஒத்துழைக்கவில்லை. பீடத்தருகே தன் இடத்தில் நின்ற அகப்பியோஸ், முழுக் கூட்டமும் பார்க்க, இறங்கி நடந்து போய் அவருக்குத் தோள் கொடுத்தார். முணுமுணுப்பு அடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.