பாதி டாங்கில் நின்ற முள்

பேட்டரி ஒயர்கள் இரண்டையும் கழற்றி வைத்த பிறகும் பெட்ரோல் முள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. பழைய வண்டிகளில் முள் சில சமயம் ஒட்டிக்கொள்ளும் என்று நார்மன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். மதியம் இரண்டு மணிதான், ஆனாலும் யார்க்‌ஷயரின் பிப்ரவரி வானம் பட்டறை ஜன்னலில் அழுக்குத் துணிபோல் தொங்கியது. தகரக் கூரையில் பனிமழை ஓயாமல் கிசுகிசுத்தது. தோல் இருக்கையின் பழைய நெடியோடு, நனைந்து காயாத கம்பளிக் கோட்டின் வாடையும் வண்டிக்குள்ளிருந்து வந்தது.

மீட்டர் விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன என்று மியூரியல் வண்டியை டிரெய்லரில் அனுப்பியிருந்தாள். அது எர்த் ஒயர் தளர்ந்ததுதான், கால் மணி நேர வேலை. அந்தக் கால் மணி நேரத்துக்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடவே நார்மனுக்குப் பயமாக இருந்தது. அங்கே அவன் செய்த காரியம் இருந்தது.

அக்டோபரில் பழைய கார் கிளப்பின் போட்டி. ஒரு முள் வேலை செய்யாவிட்டாலும் நடுவர்கள் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள். முந்தின நாள் பார்த்தால் டாங்குக்குள் பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவை உடைந்திருந்தது. டாங்கை இறக்க ஒரு முழு நாள் வேண்டும். நார்மன் முள்ளுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டான். சாவியைத் திருப்பினால் போதும், டாங்க் காலியோ நிறைவோ, முள் பாதிக்கு வந்து நிற்கும். வண்டியின் சொந்தக்காரர், மியூரியலின் கணவர் எட்வினிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கோப்பையே வேண்டாமென்றிருப்பார்.

கோப்பை கிடைத்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். அதற்குப் பிறகு எட்வின் வண்டியை வெளியே எடுத்தது ஒரே ஒரு முறை. ஹார்க்லோ மேட்டில் பனிப்புயல். மறுநாள் காலை வண்டிக்குள்ளேயே விறைத்துச் செத்துக் கிடந்தார். போலீஸ்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்து, பாதி டாங்க் பெட்ரோல் என்று எழுதிக்கொண்டார். ஹீட்டர் ஓட இன்ஜின் இருந்தும் அதை ஏன் அணைத்தார்? ஊருக்கு அதற்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது: சாகவே போயிருக்கிறார்.

நார்மன் கையை விட்டான். ரெசிஸ்டரை வெட்டி அடுப்பில் எறிந்தான். பாவி, பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டான்.

முள் பாதியில் நின்றது.

ஒயரைப் பிடுங்கினான். பாதி.

மீட்டரையே கழற்றிக் கையில் எடுத்தான். பாதி. கண்ணாடி ஐஸாய்ச் சுட்டது.

"என்ன நார்மன், முடிஞ்சுதா?"

மியூரியல் வாசலில் நின்றாள். அவன் மீட்டரை அவசரமாக இடத்தில் பொருத்தினான். திருகாணி இரண்டு முறை விரலிலிருந்து நழுவியது. அவள் தேநீர் போட்டுக்கொள்ளப் போன இடைவெளியில், பேட்டரியை மாட்டிவிட்டு மூலையிலிருந்த பெட்ரோல் கேனைக் காலி டாங்கில் கவிழ்த்தான். இரண்டு லிட்டர்கூடத் தேறாது. மேட்டின் உச்சிவரை வரும்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வாங்கிக்கிறேன்னாரு. இருட்றதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடறேன்" என்று ஏறி உட்கார்ந்தாள். "இந்தச் சனியனை இனிமே என் வாசல்ல வெச்சுப் பார்க்க முடியாதுப்பா."

"போற வழியில கொஞ்சம் பெட்ரோல் போட்டுக்குங்க."

"எதுக்கு? பாதி டாங்க் இருக்கே!" அவள் முள்ளைப் பார்த்தாள். சிரிப்பு அணைந்தது. "அன்னைக்கும் இதே பாதி. இவ்வளவு இருந்தும் அணைச்சிருக்காரு. வீட்டுக்கு வரவே பிடிக்கலபோல. நான் என்னடா செஞ்சேன் அவருக்கு? நீயாவது சொல்லு."

ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. கோப்பை, கிளப், ஊர், கோர்ட் எல்லாம் கூடவே வந்தன.

"வண்டியில பழுது எதுவும் இல்ல மியூரியல்" என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே பனி கனத்துவிட்டிருந்தது. வண்டி வாசலில் திரும்பியபோது பக்கத்து இருக்கை ஜன்னலை நார்மன் பார்த்தான். அந்தக் கண்ணாடி மட்டும் வெள்ளையாக உறைந்திருந்தது. உள்பக்கமாக.

ஒரு கை அதைத் துடைத்தது.

எட்வின். இமைமுடியெல்லாம் பனி. நார்மனை அவர் பார்க்கவே இல்லை. மனைவியின் காதருகே குனிந்திருந்தார். வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. முள்ளைக் காட்டினார், அவளைப் பார்த்தார், மறுபடி கத்தினார். சத்தமே வரவில்லை.

மியூரியல் லேசாக நடுங்கி, ஹீட்டர் குமிழைத் திருகிவிட்டு, மேட்டுப் பாதையில் வண்டியைத் திருப்பினாள்.