கிணற்றுத் தண்ணீரில் கழுவிய நீலம்

வேப்பங்கொத்தைத் தவிர ஹெப்சி அந்தத் தாளின்மேல் வேறெதையும் வைக்கவில்லை. அதில் சந்தேகமே கிடையாது. பறித்தவளும் அவள், பரப்பியவளும் அவள், மேலே கண்ணாடியை வைத்துக் கிளிப் போட்டவளும் அவளேதான். ஆனால் கழுவி எடுத்தபோது, நீலத்துக்கு நடுவே இலைகள் வெள்ளை வெளேரென்று படிந்திருக்க, வலது ஓரத்திலிருந்து நான்கு வெள்ளைக் கோடுகள் உள்ளே நீண்டிருந்தன. விரல்கள்.

"என் கைதான் குறுக்க வந்திருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சொன்னால் ஆச்சா, மனசு கேட்க வேண்டாமா?

தாவரவியல் டீச்சர் அவள். பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று மே மாத லீவில் இந்த சயனோடைப் என்ற நீல அச்சுப் பைத்தியம் பிடித்திருந்தது. கேமராவே தேவையில்லை. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துக் கலந்து, குளியலறைக் கதவைச் சாத்தி மங்கல் பல்பில் தாளில் பூசி, காய்ந்ததும் இலையோ இறகோ வைத்து வெயிலில் காட்டினால் போதும். வெயில் பட்ட இடம் நீலமாகும். நிழல் விழுந்த இடத்து மருந்து தண்ணீரில் கரைந்து வெள்ளையாகும். நூற்றெண்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் கண்டுபிடித்தது. அந்தக் காலத்திலேயே ஒரு அம்மாள் கடல்பாசிகளை இப்படி அச்செடுத்துப் புத்தகமே போட்டாளாம். பிறகு கட்டட பிளான்களும் இந்த முறையில்தான் வந்தன. தாத்தா கட்டிய இந்த ஆம்பூர் வீட்டின் பிளானும் டிரங்குப் பெட்டியில் நீலத் தாளாகத்தான் கிடக்கிறது. அதில் கொல்லைப்பக்கம் ஒரு வெள்ளை வட்டம், கிணறு.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் தொடக்கூடாது என்று அவள் புருஷன் நத்தானியேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "தோல் பதனிடுற ஷாப் தண்ணி ஊறியிருக்கு ஹெப்சி, உப்பு ஜாஸ்தி. உன் நீலமெல்லாம் வெளுத்துப் போய்டும்." எட்டு மாதத்துக்கு முன் அவனே சிமெண்ட் பலகை போட்டு அதை மூடினான். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தும், வாராவாரம் இரண்டு கேன் தண்ணீரைத் தோளில் சுமந்து வந்து இறக்குவான். இப்படியொரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் பூரித்துக் கிடந்தாள்.

இன்றைக்குக் கேன் காலி. குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு தாள்தானே என்று கிணற்று மோட்டாரைப் போட்டிருந்தாள்.

ஹெப்சி மறுபடியும் அந்த விரல்களைப் பார்த்தாள். மூன்றாவது விரல் பாதியில் நின்றிருந்தது.

அவள் தம்பி ஜெஸ்டனுக்குத்தான் அந்த விரல். தோல் சீவும் மெஷினில் பாதி போனது. எட்டு மாதத்துக்கு முன், இந்த வீட்டை விற்கக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாமா நத்தானியேலிடம் மல்லுக்கு நின்றவன், அதே வாரம் யாரிடமும் சொல்லாமல் மஸ்கட் போய்விட்டான். நத்தானியேல்தான் வந்து சொன்னான். அதற்கப்புறம் மாதம் இரண்டு மெசேஜ், அவ்வளவுதான். போன் போட்டால் எடுப்பதில்லை. சின்ன வயசில் பாயில் ஒதுங்கிப் படுத்து, "அக்கா, இங்க வா" என்று இடம் விட்ட பயல், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று அவள் எத்தனை ராத்திரி ஜெபத்தில் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள்!

கேன் தண்ணீரில் கழுவிய பழைய தாள்களை எல்லாம் தரையில் பரப்பினாள். இலை, இறகு, இலை. ஒன்றில்கூட விரல் இல்லை.

மருந்து பூசிய வெறும் தாள் ஒன்றை, மேலே எதுவும் வைக்காமல் வெயிலில் காட்டிக் கிணற்றுத் தண்ணீரில் போட்டாள். உள்ளங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது.

அப்புறம் அவள் கை தானாகவே பீரோவைத் திறந்து, ஜெஸ்டன் விட்டுப்போன வெள்ளை வேட்டியை எடுத்தது. மிச்சமிருந்த மருந்தையெல்லாம் பூசினாள். காய்ந்ததும் மொட்டைமாடியில் விரித்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரெல்லாம் எப்போதும் வீசும் பச்சைத்தோல் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு நாற்றம், இனிப்பாக, கொல்லைப்பக்கமிருந்து ஏறி வந்தது. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை.

கொல்லைத் தொட்டியில் மோட்டார் தண்ணீர் நிரம்பியது. வேட்டியை முக்கினாள். மஞ்சள் சாயம் கலங்கி ஓடியது. நீலம் ஏறியது.

நீலத்தில் ஒருவன் படுத்திருந்தான். வேட்டியின் ஒரு ஓரமாக, முட்டிகளை நெஞ்சோடு மடக்கி. பாதி விரலோடு ஒரு கை மட்டும் மேலே நீட்டியிருந்தது.

"ஐயோ, ஜெஸ்டா..."

போனை எடுத்துத் தம்பி நம்பரை அழுத்தினாள். ஒரு தடவையாவது எடுடா. திட்டுடா. எதையாவது பேசுடா.

அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ உறுமியது.

திரும்பினாள். நத்தானியேல் நின்றிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். தோளில் கேன். அவன் பேன்ட் பாக்கெட்டுக்குள் இன்னொரு போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அவனுடைய போன் சட்டைப் பையில் சும்மா இருந்தது.

ஹெப்சி அழைப்பை நிறுத்தினாள். அதுவும் நின்றது.

எட்டு மாதம்! 'அக்கா, சாப்டியா' என்று கேட்டதெல்லாம் இவனா? பக்கத்தில் படுத்துக்கொண்டே தட்டினானா? பாவி, தம்பியை நினைத்து அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்டவனும் இவன்தானே!

"எதுல புடிச்ச தண்ணி?" என்றான், மெதுவாக.

அவள் தொட்டிப் பக்கம் ஓரடி பின்வாங்கினாள்.

கேனை இறக்கி வைத்தான். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். கிணற்றின் சிமெண்ட் பலகைப் பக்கம் போய், குனிந்து, ஓரத்தில் விரல் கொடுத்தான். பலகை நகர்ந்தது.

ஹெப்சி தொட்டியைப் பார்த்தாள். ஜெஸ்டன் ஏன் ஓரமாகப் படுத்திருந்தான் என்று இப்போது புரிந்தது. இடம் விட்டிருந்தான். அந்தக் காலிப் பாதியில், நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அவளுடையதைப் போலவே ஒரு நீளமான பின்னல் வெளுத்து வந்துகொண்டிருந்தது.